கோட்டுக்கு மேலே நாலு மில்லி

ஆஸ்பத்திரி முழுக்க அவளைத் தாராளம் என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அதே பேர்தான். கேன்டீனில் டீ ஊற்றுகிற வேலை அவளுக்கு. டம்ளர் நிறைந்தால் நிறுத்த வேண்டும் என்பது ஊர் உலகத்து வழக்கம். தாராளத்துக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. டம்ளர் நிறைந்து, வழிந்து, அடியில் இருக்கிற தட்டும் தளும்பிய பிறகுதான் கெட்டிலை நிமிர்த்துவாள். தட்டில் இருப்பதை உறிஞ்சிக் குடித்த பிறகே டம்ளரைத் தொட முடியும். கண்விழித்து வேலை பார்த்த நர்சுகளும், வேண்டியவர்களை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே காத்துக் கிடப்பவர்களும் அந்தத் தட்டுக்காகவே அவளிடம் வருவார்கள். "இன்னும் கொஞ்சம்தானே, இருக்கட்டும்" என்பாள். அந்த வார்த்தை எந்நேரமும் அவள் வாயில் இருக்கும்.

வீட்டிலும் அதே கைதான். அவள் சோப்புத் தூள் போட்டால் துணி நுரைக்குள் காணாமல் போய்விடும். மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டால் கீழ்வீட்டு ஜன்னல் குளித்துவிடும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ தையற்காரர். ஊசியில் மிஞ்சிய நூலைக்கூட எறியமாட்டார். அட்டையில் சுற்றி வைப்பார். வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பார். தான் கஞ்சன் இல்லை, கணக்கு பார்க்கிறவன் என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வார். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறார்கள் என்று யாராவது கேட்டால், தையற்காரரின் அம்மாதான் பதில் சொல்வார்.

"அவ சிந்துறா, இவன் துடைக்கிறான். ஒரு குடும்பத்துக்கு வேற என்ன வேணும்?"

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் கதையில் ஒரு இயந்திரம் வந்து புகுந்தது. பொத்தானை அமுக்கினால் அளந்து டீ ஊற்றுகிற இயந்திரம். ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. வருகிற ஆண்டு முதல் கேன்டீனில் ஆள் வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. நிர்வாக அதிகாரி நல்ல மனிதர், தினமும் தட்டோடு குடிக்கிற ஆள். அவரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கரைசல் அறையில ஒரு உதவியாளர் இடம் காலியாகுது. சாயங்கால வகுப்புல அடிப்படை வேதியியல் படிச்சுப் பாஸ் பண்ணினா அது உனக்குத்தான். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. பாஸ் பண்ணலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

கரைசல் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. உயரமான ஜன்னல், வெள்ளைக் கல் பதித்த மேசை, சுவர் நீளத்துக்கு அலமாரி, அதில் வரிசையாகப் பழுப்பு நிறப் புட்டிகள். வார்டுகளுக்குப் போகிற கிருமிநாசினி, காயம் கழுவுகிற உப்புத் தண்ணீர், பரிசோதனைக் கூடத்துச் சாயம் எல்லாம் அங்கேதான் தயாராகும். அதன் பொறுப்பாளரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்குகிற கண்ணாடி. ஆஸ்பத்திரியிலேயே தட்டு டீயை விரும்பாத ஒரே ஜீவன் அவர்தான். "சிந்தாம குடு" என்று தினமும் சொல்வார். தாராளம் தினமும் சிந்துவாள். செய்முறைத் தேர்வுக்கு மேற்பார்வைக்கு வரப்போவது அந்தப் பெரிய சிஸ்டர்தான் என்று கேள்விப்பட்டதும் தாராளம் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வேலை தேடிக்கொண்டால் என்ன என்று கணவர் கேட்டார். அவளுக்கு அது முடியாது. அந்தத் தாழ்வாரம் வேண்டும், காலையில் தேய்த்துக் கழுவின தரையின் வாசனை வேண்டும், போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. அதனால் பள்ளிக்கூடத்தில் கண்டாலே காத தூரம் ஓடிய வேதியியலை இப்போது ஒரு கை பார்ப்பது என்று முடிவு கட்டினாள்.

வகுப்பு எடுத்த ஆசிரியர் அவளைவிட வயதில் சின்னவர். எதைச் செய்யச் சொன்னாலும் "சொட்டுச் சொட்டா, சொட்டுச் சொட்டா" என்பார். முதல் வாரத்திலேயே அவருக்குச் சொட்டு சார் என்று பேர் வைத்ததும் தாராளம்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மோல் என்றால் என்ன என்று புரிந்துகொள்வதற்குள் அவள் தலையால் தண்ணீர் குடித்தாள். ஐம்பத்தெட்டரை கிராம் சாப்பாட்டு உப்பு ஒரு மோல். அதைக் கரைத்து, மொத்தக் கரைசலும் ஒரு லிட்டர் வருகிற மாதிரி செய்தால் அதன் அடர்த்தி ஒரு மோலார். இதுவரை ஒருவழியாக வந்துவிட்டாள். அடுத்து, அடர்த்தியான கரைசலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்கிற கணக்கு வந்தது.

"ஒரு மோலார் கரைசல் உங்ககிட்ட இருக்கு. அதுல பத்துல ஒரு பங்கு அடர்த்தியில நூறு மில்லி வேணும். எப்படிச் செய்வீங்க?" என்று சொட்டு சார் கேட்டார்.

"பத்து மில்லி எடுப்பேன். நூறு மில்லி தண்ணி ஊத்துவேன்" என்றாள் தாராளம், டீ ஆர்டர் எடுத்த வேகத்தில்.

"அப்ப மொத்தம் எவ்வளவு வந்துச்சு?"

"நூத்திப் பத்து."

"நான் கேட்டது?"

"நூறு. பத்து மில்லி கூடத்தானே வந்திருக்கு, வெச்சுக்குங்க சார்."

வகுப்பே சிரித்தது. சொட்டு சாரும் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "அக்கா, நீங்க எடுத்த பத்து மில்லிக்குள்ள எவ்வளவு சரக்கு இருந்துச்சோ அதேதான் கடைசி வரைக்கும் இருக்கும். தண்ணி ஊத்தினா சரக்கு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அது பரவி நிக்கிற இடம்தான் பெரிசாகுது. அதனால முதல் அடர்த்தியையும் முதல் அளவையும் பெருக்குங்க, கடைசி அடர்த்தியையும் கடைசி அளவையும் பெருக்குங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கும். கடைசி அளவுன்னா மொத்த அளவு. ஊத்தின தண்ணியோட அளவு இல்லை."

கணக்கு பிடிபட்டுவிட்டது. கைதான் பிடிபடவில்லை. அளவுக் குடுவை என்று ஒன்று உண்டு. வயிறு உருண்டையாக, கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். கழுத்தில் ஒரே ஒரு கோடு. கரைசலின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டு நின்றால் சரியாக நூறு மில்லி. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் பிளாஸ்டிக் புட்டியைப் பிழிந்து தண்ணீர் பீய்ச்சலாம். அதற்கப்புறம் புட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொட்டுக் குழாயால் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். தாண்டிவிட்டால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தாராளம் கொட்டிய கரைசலில் ஒரு குளியல் தொட்டியே நிறைந்திருக்கும்.

வீட்டில் பழகிப் பார்ப்பது என்று முடிவானது. காலி மருந்துப் புட்டி ஒன்றைத் தேடியெடுத்து, தையற்காரர் அதன் கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதுதான் கோடு. கரைசலுக்குத் திராட்சைப் பழரசம். சுவைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாமியாரைத் தவிர வேறு யார் கிடைப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த மாமியாரை எழுப்பி உட்கார வைத்து, வரிசையாக டம்ளர்களை நீட்டினாள் தாராளம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதில் பத்தில் ஒரு பங்கு. மாமியார் முதல் டம்ளரைக் குடித்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டாவதுக்குப் புருவத்தைச் சுருக்கினார்.

"மூணாவது?" என்றாள் தாராளம்.

"திராட்சையைக் கனவுல பாத்த மாதிரி இருக்கு."

"இது?"

"இது தண்ணி. இதுக்கா என்னை எழுப்பினே?"

அந்த மத்தியானமே இன்னொன்றும் நடந்தது. ஒரு டம்ளருக்காகப் புட்டியில் ஊற்றும்போது தண்ணீர் நூலைத் தாண்டிப் போய்விட்டது. தாராளம் திரும்பிப் பார்த்தாள். கணவர் மெஷினில் குனிந்திருந்தார். சட்டென்று புட்டியை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்து, மட்டத்தை நூலுக்கு இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல டம்ளரில் ஊற்றி நீட்டினாள். மாமியாரின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"நீ ஒரு வாய் குடிச்சுட்டா மிச்சம் இனிச்சிடுமாடி?"

கணவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தாராளம் சிரிக்கவில்லை. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மட்டம் நூலில்தான் நிற்கிறது. ஆனால் உள்ளே இருப்பது தாண்டிய போது எவ்வளவு நீர்த்திருந்ததோ அவ்வளவேதான் நீர்த்திருக்கிறது. வெளியே எடுத்த மிடற்றில் தண்ணீர் மட்டுமா போயிற்று? பழரசமும் சேர்ந்தல்லவா போயிற்று. இத்தனை நாள் வகுப்பில் பெருக்கிப் பெருக்கி எழுதியதெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குள் இறங்கியது. எழுந்து மாமியாரின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"ஐயே, பழரசத்துக்கே இந்தப் போதையா?" என்றார் மாமியார்.

தேர்வுக்கு வெள்ளை மேலங்கி வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தையற்காரர் மிஞ்சிய துணிகளை இணைத்துத் தைத்துக் கொடுத்தார். எங்கே இணைத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நேர்த்தி. ஆனால் கைவிளிம்புக்கு வந்தபோது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. புது நூல்கண்டு வாங்குவாரா அவர்? அட்டையில் சுற்றி வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்து மடித்து அடித்துவிட்டார்.

"வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூலாங்க? எல்லாரும் சிரிப்பாங்க."

"உள்பக்கம்தானே. யாரு கையைத் திருப்பிப் பாக்கப் போறாங்க? ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், இழுத்தாலும் வராது."

எழுத்துத் தேர்வைச் சமாளித்துவிட்டாள். செய்முறைத் தேர்வு நாள் வந்தது. ஆய்வுக்கூடத்தில் நீள மேசைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன பீக்கரில் மயில்துத்தக் கரைசல், கண்ணைப் பறிக்கிற நீலம், ஒரு மோலார் அடர்த்தி. பத்தில் ஒரு பங்கு அடர்த்தியில் நூறு மில்லி தயாரித்து, புட்டியில் அடைத்து, லேபிளில் அடர்த்தியை எழுதி ஒட்ட வேண்டும். பீக்கரில் இருந்தது பதினைந்து மில்லிதான். பத்து மில்லி வேலைக்கு, மீதி அதை உறிஞ்சி எடுக்கிற அளவுக் குழாயை அலசிக்கொள்ள. தப்புப் பண்ணினால் இன்னொரு தரம் செய்யச் சரக்கு கிடையாது என்று சொட்டு சார் முன்பே சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் தாராளத்தின் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

பெரிய சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார். தாராளம் அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குழாயை அலசினாள், பத்து மில்லியை உறிஞ்சி எடுத்தாள், குடுவையில் விட்டாள். அட, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. புட்டியைப் பிழிந்து தண்ணீரைப் பீய்ச்சினாள். நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, ஏறி, கழுத்துக்குள் நுழைந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இந்த இடத்தில்தான் புட்டியைக் கீழே வைக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். தெரிந்தும், எல்லாம் இவ்வளவு அழகாகப் போகிற சந்தோஷத்தில், இன்னும் கொஞ்சம்தானே என்று ஒரு பிழி பிழிந்தாள்.

கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம் கெட்டிலைப் பிடித்த கை இது, கடைசியில் காலை வாரிவிட்டதே என்று அதையே பார்த்தாள். அந்தத் தாழ்வாரம், அந்தக் கழுவின தரை எல்லாம் கண்முன் வந்து போயிற்று. பக்கத்து மேசையில் ஒரு மருந்துக்கடைக்காரர். அவருக்கும் தாண்டியிருந்தது. சொட்டுக் குழாயால் கூடுதலை உறிஞ்சி எடுத்து, மட்டத்தை அழகாகக் கோட்டில் நிறுத்திவிட்டு, இவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"உறிஞ்சி எடுத்துடுங்க, யாருக்கும் தெரியாது" என்று கிசுகிசுத்தார்.

தாராளம் சொட்டுக் குழாயைக் கையில்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் காதுக்குள் அந்தக் குரல் கேட்டது. நீ ஒரு வாய் குடிச்சுட்டா மிச்சம் இனிச்சிடுமாடி? குழாயைக் கீழே வைத்தாள்.

சரக்கு பத்து மில்லிதான், அதில் மாற்றமில்லை. மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் இப்போதைய அடர்த்தி தெரிந்துவிடும். மட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும். பேனா கண்ணாடியில் எழுதவில்லை. மேலங்கியின் கையைத் திருப்பினாள். சிவப்பு நூல். இழுத்தாள். வரவில்லை, அந்த மனுஷன் அடித்த ரெட்டைத் தையல் அப்படி. பல்லால் கடித்து இழுத்ததும் பரபரவென்று பிரிந்து வந்தது. வீட்டில் பார்த்துப் பழகினபடியே குடுவையின் கழுத்தில், நீலம் நிற்கிற மட்டத்தில், சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பிறகு கரைசலை நன்றாகக் கலக்கி, உலர்ந்த புட்டியில் ஊற்றி மூடி வைத்தாள். குடுவையைக் கழுவி, வெறும் தண்ணீரை விட்டாள். கோட்டுக்குக் கீழே வந்ததும் பிளாஸ்டிக் புட்டியைக் கீழே வைத்தாள், சத்தம் கேட்கும்படி நன்றாகவே வைத்தாள். சொட்டுச் சொட்டாக விட்டுக் கோட்டில் நிறுத்தினாள். அங்கிருந்து அளவு குறித்த குழாயால் தண்ணீர் விட்டு, நூல் வரைக்கும் எவ்வளவு போகிறது என்று பார்த்தாள். நாலு மில்லி. ஆக மொத்தம் நூற்று நாலு. பத்தை நூற்று நாலால் வகுத்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்து லேபிளில் எழுதினாள்: 0.096 மோலார்.

பெரிய சிஸ்டர் புட்டிகளை வரிசையாக வாங்கி, நிறத்தின் அழுத்தத்தை வைத்து அடர்த்தி காட்டுகிற கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மருந்துக்கடைக்காரரின் லேபிளில் 0.1 என்று இருந்தது. கருவி அதைவிடக் குறைவாகக் காட்டியது.

"கோட்டுல நிக்குதே சிஸ்டர்" என்றார் அவர் அசடு வழிய.

"நிக்க வெச்சிருக்கீங்க. அடுத்த மாசம் வந்து மறுபடி பண்ணுங்க."

தாராளத்தின் முறை வந்தது. சிஸ்டர் லேபிளைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "நான் கேட்டது 0.1."

"ஆமா சிஸ்டர். கை தாண்டிருச்சு. நாலு மில்லி. உள்ள என்ன இருக்கோ அதை எழுதியிருக்கேன்."

சிஸ்டர் புட்டியைக் கருவியில் வைத்தார். 0.096 என்று எண்கள் எரிந்தன. சொட்டு சார் வெளிப்படையாகவே பெருமூச்சு விட்டார். சிஸ்டரின் பார்வை குடுவையின் கழுத்தில் இருந்த சிவப்பு நூலுக்கும், தாராளத்தின் பிரிந்து தொங்குகிற கைவிளிம்புக்கும் போய் வந்தது.

"தாண்டினதுக்கு மார்க் குறைப்பேன்" என்றார். "ஆனா பாஸ். வார்டுல நிக்கிறவ புட்டியைத் திறந்து சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. லேபிளை நம்பித்தான் ஊத்துவா. உன் லேபிளை நம்பலாம். வேலைக்கு வந்தப்புறம் அந்தப் பிழியுற புட்டியை மட்டும் உன் பக்கத்துல வைக்கமாட்டேன்."

தாராளத்துக்கு வாயெல்லாம் பல். வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரரைப் பிடித்து, உறிஞ்சி எடுத்தால் ஏன் சரியாகாது என்று மாமியாரின் திராட்சை ரசத்தை வைத்து விளக்கினாள். அடுத்த மாதம் அவரும் பாஸ் பண்ணிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தையற்காரர் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, மேலங்கியின் கையை.

"என் தையலைப் பிரிச்சது யாரு?"

நடந்ததைச் சொன்னாள். பாஸ் என்று சொல்லும்போது அழுதேவிட்டாள். மாமியார் தன் வாக்கியம் பரீட்சைக் கூடம் வரை போய் வந்த பெருமையில் உச்சி குளிர்ந்து, அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லக் கிளம்பிவிட்டார். தையற்காரர் பிரிந்த கைவிளிம்பைத் தடவிப் பார்த்தார். மேலங்கியை வாங்கி மடித்து மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கேன்டீனில் கடைசி நாள் பெரிய சிஸ்டர் டீ குடிக்க வந்தார். தாராளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கெட்டிலைச் சாய்த்து, விளிம்புக்குச் சரியாக நிறுத்தினாள். தட்டில் ஒரு சொட்டு இல்லை. கற்றுக்கொண்டதைக் காட்டிவிட்ட பெருமையோடு சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் காய்ந்து கிடந்த தட்டைப் பார்த்தார்.

"என்ன இது? நாளையிலேருந்து மெஷின்தான் இப்படி ஊத்தப் போகுதே" என்றார். "ஊத்து."

தட்டு தளும்பத் தளும்ப ஊற்றினாள். சிஸ்டர் முதன்முறையாக அதை உறிஞ்சிக் குடித்தார்.

புது வேலைக்குப் போகிற காலையில் கணவர் மேலங்கியை எடுத்து வந்து கொடுத்தார். கைவிளிம்பு புதிதாக மடித்து அடிக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூலில். அந்த மனுஷன் கடைக்குப் போய்ப் புது நூல்கண்டு வாங்கியிருக்கிறார். தாராளம் நம்பாமல் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் தனியாக, இழுத்தால் வருகிற மாதிரி இலேசாகக் கோத்து விடப்பட்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். வந்துகொண்டே இருந்தது. பத்துக் குடுவைக்குக் கட்டலாம், அவ்வளவு நூல்.

"இவ்வளவு எதுக்குங்க?"

தையற்காரர் மெஷினில் குனிந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம்தானே," என்றார், "இருக்கட்டும்."